பஞ்சுவின் வயிற்றில் ஒரு வளையம்

வெள்ளைத் துணியில் டீக்கறை பட்டால் உடனே சோப்பைப் போட்டுத் தேய்க்கக் கூடாது சார். எல்லோரும் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு இரண்டு சொட்டு வினிகர், பிறகு அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் யாருக்கும் வருவதில்லை. உங்கள் சட்டைக் கையில் இருப்பது இன்று காலையில் பட்டதுபோல் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் கவனித்தால் போய்விடும்.

இருபத்து மூன்று வருஷமாகச் சலவைக்கடை நடத்துகிறேன். கடை முன்னால், வீடு பின்னால், நடுவில் ஒரு கதவு. வீட்டில் நான், என் மனைவி, பஞ்சு. பஞ்சு என்பது நாய். வெள்ளை வெளேரென்று குட்டை ரோமம், ரோமமே இல்லாத ரோஜா நிற வயிறு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் தெரு ஒரு கோடியில் சுவரில் முட்டி நிற்கும் சின்னத் தெரு. வீட்டுக்கு ஒரு நாய் என்று வைத்துக்கொள்ளலாம். பஞ்சுவையும் சேர்த்து இருபது இருந்தன.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். அதற்குச் சால்வையிலிருந்து தொடங்க வேண்டும். என் மனைவியின் அம்மா போர்த்திக்கொண்டிருந்த கம்பளிச் சால்வை. அவர் இறந்த பிறகு அலமாரியில் இருந்தது. ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. கடைசி நாட்களில் மருந்து குடிக்கும்போது சிந்தியது. ஆறு வருஷத்துக் கறை. அப்படி ஒரு கறை என் வீட்டு அலமாரியில் இருப்பது எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் பிறந்த நாளுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று எடுத்து, மூன்று நாள் பாடுபட்டு, இருந்த சுவடே தெரியாமல் ஆக்கினேன். தொழிலில் நான் செய்த மிக நல்ல வேலை அதுதான்.

அவள் சால்வையை விரித்துப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள்.

"எங்க அது?"

"போயிடுச்சு. சுத்தமா எடுத்துட்டேன்."

சால்வையை மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. சண்டை கிடையாது, அழுகை கிடையாது. வேளாவேளைக்குச் சாப்பாடு இருக்கும். ஆனால் அதை நாயிடம்தான் சொல்வாள். "பஞ்சு, சாப்பாடு மேசை மேல இருக்குன்னு சொல்லு." பஞ்சு சொல்லாது. இருந்தாலும் நான் போய்ச் சாப்பிடுவேன். ஒரு நாள் நானும், "பஞ்சு, உப்பு கொஞ்சம் கம்மின்னு சொல்லு" என்றேன். மறுநாள் குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. ஆகவே செய்தி போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. அதை வாழ்க்கை என்று சொல்ல முடியாது என்பதுதான் குறை.

முதல் குறி தற்செயல். அதை நீங்கள் நம்பியே ஆக வேண்டும். யார் துணி எது என்று தெரிவதற்காகக் காலருக்குள் குறி போடுவோம். அதற்கென்று ஒரு கருநீல மசி. வெந்நீருக்குப் போகாது, ஸ்பிரிட்டுக்கும் அசையாது. அன்று பாட்டில் கசிந்து என் கட்டைவிரல் நனைந்திருந்தது. கதவைத் தாண்டி வந்த பஞ்சு வழக்கம்போல் மல்லாந்து படுத்தது. தடவிக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவள் குரல் கேட்டது. "இங்க வந்து பாருங்களேன். பஞ்சு வயித்துல என்னமோ இருக்கு."

ஏழு வார்த்தைகள் சார். எட்டு மாதத்தில் அவள் நேராக என்னிடம் சொன்ன ஏழு வார்த்தைகள். போய்ப் பார்த்தேன். என் கட்டைவிரல். மசிதான் என்று சொல்லியிருந்தால் அவள் துணியை நனைத்துத் துடைக்கப் போயிருப்பாள், பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். நான், "என்னன்னு தெரியலையே" என்றேன். "டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றாள். காட்டலாம் என்றேன்.

பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பஞ்சுவின் தலை அவள் மடியில், வால் என் மடியில். கால்நடை மருத்துவமனையில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. புதிதாக வேலைக்கு வந்தவர், ரொம்பவும் அக்கறையானவர். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பார்த்தார்.

"துடைச்சா போகல. அப்போ தோலுக்குள்ள இருக்கு," என்றார்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்த மசியை நானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்குகிறவன்.

களிம்பு கொடுத்தார். காலையில் அவள் பஞ்சுவைப் பிடித்துக்கொள்வாள், நான் தடவுவேன். மாலையில் நான் பிடித்துக்கொள்வேன், அவள் தடவுவாள். அப்படியே கடையில் என்ன நடந்தது, எதிர்வீட்டில் யார் வந்தது என்று பேச்சு வளரும். ஒரு தடவை அவள் சிரித்தாள். பதினோராவது நாள் குறி மங்கி மறைந்துவிட்டது. தோல் உதிர்ந்தால் மசியும் உதிரும், இயற்கை. "போயிடுச்சுங்க" என்றாள். மறுநாள் காலை, "பஞ்சு, சாப்பாடு மேசை மேல இருக்குன்னு சொல்லு."

நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாவது நாள் மசி பாட்டிலின் மூடியை மசியில் தோய்த்துப் பஞ்சுவின் வயிற்றில் வைத்து எடுத்தேன். அழகான வளையமாக வந்தது. அதற்கு முன் என் தொடையில் வைத்து, எரிகிறதா அரிக்கிறதா என்று இரண்டு நாள் பார்த்த பிறகுதான் நாய்க்கு வைத்தேன். வாயில்லாப் பிராணியை நோகடிக்கிறவன் இல்லை நான். தொடையில் இருந்தது இப்போது போய்விட்டது. இல்லாவிட்டால் காட்டியிருப்பேன்.

டாக்டரம்மா வளையத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தோலைச் சுரண்டி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தார். "கிருமி எதுவும் இல்ல. அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றார். படமெடுத்துத் தான் படித்த கல்லூரிக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். வயதானவர், கைத்தடியோடு எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். என் மனைவி அவருக்கு நல்ல கோப்பையை எடுத்துக் கழுவினாள்.

பேராசிரியர் பஞ்சுவை ஒரு மணி நேரம் பார்த்தார். "இது உள்ளுறுப்பைச் சேர்ந்ததா இருந்தா, அடுத்த வளையம் இதுக்கு நேர் எதிர்ப் பக்கம் வரணும்," என்றார். அடுத்த வாரம் நேர் எதிர்ப் பக்கம் வந்தது. "நான் நினைக்கிறது சரின்னா, இனிமே காதுக்குப் பின்னாடி ரோமம் கம்மியா இருக்கிற இடத்துல வரும்," என்றார். அங்கேயும் வந்தது. அந்த வயதில் அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்து ஒரு மனிதர் சொன்னதைப் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய வளையங்கள் மங்கிப் புதியவை வேறு இடத்தில் வந்ததால் அதற்கு 'இடம்பெயரும் வளையக் கறை' என்று பெயர் வைத்தார். கறை என்ற சொல்லை அவர் எப்படித் தேர்ந்தார் என்று தெரியவில்லை. எனக்கு அது சரியான சொல்லாகவே பட்டது.

பெயர் வைத்தால் கோப்பு திறந்தாக வேண்டும். சுகாதார ஆய்வாளர் வந்தார். மனிதர்களுக்குத் தொற்றுமா என்று தெரியும்வரை தெருவில் ஒரு காப்புக் குழு வேண்டும் என்றார். என் மனைவியைத் தலைவியாக்கினார்கள். இத்தனை வருஷத்தில் அவளுக்குள் அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. வாரம் ஒரு முறை எங்கள் முன்னறையில் கூட்டம். ஒவ்வொரு வீட்டு நாய்க்கும் ஒரு அட்டை. யார் நாய் யார் நாயை முகர்ந்தது என்று பட்டியல். அவள் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு வாசிப்பாள், நான் எல்லோருக்கும் டீ போடுவேன். கூட்டம் முடிந்ததும் நானும் அவளும் உட்கார்ந்து யார் என்ன சொன்னார்கள் என்று பேசுவோம். எங்கள் கல்யாணத்தில் அதைவிட நல்ல காலம் இருந்ததில்லை.

எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் மட்டும் கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். ஓய்வு பெற்றவர், தனியாள். அவரிடம் குண்டு என்று பழுப்பு நிறத்தில் ஒரு கிழட்டு நாய். பதின்மூன்று வயது, ஒரு கண்ணில் பார்வை இல்லை. தினமும் மாலை ஐந்து மணிக்கு இரண்டு பேரும் நடக்கக் கிளம்புவார்கள். குண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, பிஸ்கெட் வந்தால் வாங்கிக்கொண்டு, வராவிட்டால் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த வீட்டுக்குப் போகும்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு கூட்டத்தில் ஆய்வாளர் என் மனைவியிடம் சொன்னார்: "வேற எந்த நாய்க்கும் வரலம்மா. ஒரு நாய்க்கு மட்டும்னா இந்த மாசத்தோட கோப்பை மூடிடுவாங்க."

"மூடிட்டா?"

"அப்புறம் நாங்க வர வேண்டியதில்ல. குழுவும் வேணாம்."

நல்ல செய்திதான். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். ஆனால் அவள் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். அட்டைகளை அடுக்கி ரப்பர் வளையம் போட்டபோது அவள் விரல்கள் எவ்வளவு மெதுவாக வேலை செய்தன என்பதையும் பார்த்தேன்.

அந்த வியாழக்கிழமை குண்டுவின் அடிவயிற்றில் ஒரு வளையம் வந்தது. கணக்கு வாத்தியார் சட்டப்படி நடக்கிறவர், அவரே வந்து என் மனைவியிடம் சொன்னார். அதன் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது நாய்க்கும் வந்தால் கோப்பை மூட மாட்டார்கள், கூட்டம் தொடரும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சுகாதார அலுவலக வண்டி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. தெருக் கோடியில் ஒரு மேசை போட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் நாயைக் குளிப்பாட்டி, மூன்று பிரதிகளில் படிவம் நிரப்பிக் கொண்டுவர வேண்டும். படிவம் மாடுகளுக்கானது, நாய்க்கென்று தனியாக அச்சடிக்கவில்லை. 'தினசரிப் பால் அளவு' என்ற இடத்தில் எல்லோரும் இல்லை என்று எழுதினார்கள். 'பயன்பாடு' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் கோடு போட்டார்கள். சிலர் காவல் என்று எழுதினார்கள். கணக்கு வாத்தியார் ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்று, 'துணை' என்று எழுதினார். மூன்று பிரதிகளிலும் எழுதினார்.

பத்தொன்பது நாய்கள். பதினொன்றரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. டாக்டரம்மாதான் ஊசி போட்டார், அழுதுகொண்டே போட்டார், ஆனால் கை நடுங்கவில்லை. நல்ல கை. பஞ்சு முதலில் கண்டறியப்பட்ட நாய் என்பதால் ஆய்வுக்காக உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அது ஜன்னலில் இரண்டு கால்களையும் வைத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று பகல் முழுக்க என் மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் தொட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அதைப் பற்றி இங்கே சொல்வது சரியா என்று தெரியவில்லை.

முன்னால் சொன்ன ஒன்றை இப்போது திருத்திக்கொள்கிறேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். ஆய்வாளரின் வெள்ளைக் கோட்டுகள் என் கடைக்குத்தான் வரும். குண்டுவுக்கு வளையம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, ஒரு கோட்டின் உள்பையில் நான்காக மடித்த ஒரு சுற்றறிக்கை இருந்தது. துவைக்கும் முன் பைகளைப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஒரே நாயில் மட்டும் என்றால் கோப்பை முடிக்கலாம், இரண்டாவது நாயில் கண்டால் முதல் நாயை ஆய்வுக்கு வைத்துக்கொண்டு தெருவிலுள்ள மற்ற நாய்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று இருந்தது. அப்புறப்படுத்துவது என்றால் வேறு எங்காவது கொண்டுபோய் வைப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. ஆனால் கீழே எந்த எடை நாய்க்கு எவ்வளவு மருந்து என்று ஒரு பட்டியலும் இருந்தது. காகிதம் கசங்கியிருந்தது. லேசான சூட்டில் இஸ்திரி போட்டு, கோட்டைத் துவைத்துக் காய்ந்த பிறகு அதே பையில் திருப்பி வைத்தேன். பிறர் பொருளை நான் ஒரு நாளும் வைத்துக்கொண்டதில்லை.

புதன்கிழமை முழுக்க யோசித்தேன். அவசரத்தில் செய்த காரியம் என்று யாரும் சொல்லக் கூடாது. மறுநாள் காலை கணக்கு வாத்தியார் குளிக்கும் நேரத்தில் குண்டு வாசலில் படுத்திருந்தது. எந்த நாய் என்பதில் எனக்கு விருப்பு வெறுப்பு இல்லை. யார் கூப்பிட்டாலும் வருகிற நாய் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகும் குழு இருந்தது. ஆனால் நாய்கள் இல்லாத தெருவில் குழு எதைப் பற்றிப் பேசும் என்பதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். இரண்டு கூட்டம் நடந்தது. இரண்டாவதற்கு நாங்கள் இரண்டு பேரும் ஆய்வாளரும் மட்டும். போட்ட டீ அப்படியே இருந்தது. கணக்கு வாத்தியார் மட்டும் ஐந்து மணி ஆனால் கையில் வெறும் வாரைப் பிடித்துக்கொண்டு கிளம்புவார். ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவார்.

சுகாதார அலுவலகம் தெருச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. பஞ்சுவின் வளையங்கள், குண்டுவின் வளையம், எல்லாம் படமாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவுகோல் வைத்து எடுத்தவை. கணக்கு வாத்தியார் நடையில் அந்தச் சுவர் முன்னாலும் நிற்பார். பத்து நாள் நின்றார். பதினோராவது நாள் இரண்டு சட்டைகளோடு கடைக்கு வந்தார். நான் காலரில் குறி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்த மூடியைக் கொஞ்சம் குடுங்க," என்றார்.

கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"இருபத்தெட்டு," என்றார். "எல்லாமே இருபத்தெட்டு மில்லிமீட்டர். நோய்க்கு இவ்வளவு ஒழுங்கு வராது." மூடியை மெதுவாக மேசைமேல் வைத்தார். பிறகு கேட்டார்: "குண்டு உங்களைக் கடிச்சானா?"

"இல்ல சார். உப்பு பிஸ்கெட் குடுத்தேன். முடியுற வரைக்கும் வாலை ஆட்டிக்கிட்டேதான் இருந்தான்."

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். சட்டைகளுக்கு ரசீது வாங்காமலே போய்விட்டார். இன்னும் கடையில் இருக்கின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று நீலக் கட்டம். யாராவது அவரிடம் கொடுத்துவிட்டால் நல்லது.

நான் திரும்பியபோது கதவருகில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். கோபமாக இல்லை, களைப்பாக இருந்தாள்.

"பஞ்சு மேல இருந்தது மசின்னு எனக்கு முதல் நாளே தெரியும்," என்றாள். "இருபத்து மூணு வருஷமா அந்த நாத்தத்தோட படுத்து எழுந்திரிக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட போகலாம்னே?"

"பேச ஒரு சாக்கு வேணும்ல எனக்கும். நானா வந்து பேச வீம்பு விடல. அது அழிஞ்சதும் அடுத்தது எப்போ வைப்பீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன். குளிப்பாட்டும்போது அந்த இடத்துல அழுத்தித் தேய்க்கவே மாட்டேன்."

"சொல்லியிருக்கலாமே."

"பேராசிரியர் வந்ததுக்கு அப்புறம் எப்படிச் சொல்றது? அவரோட மரியாதை, அந்த டாக்டர் பொண்ணோட வேலை. கோப்பை மூடிடுவாங்க, தானா அடங்கிடும்னு இருந்தேன்." கொஞ்ச நேரம் மூடியையே பார்த்தாள். "அன்னிக்கு கோப்பை மூடப் போறாங்கன்னதும் என் முகத்தைப் பாத்தீங்களே. அப்பாடான்னு இருந்துச்சுங்க எனக்கு. வெளியில காட்டிக்கக் கூடாதுன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். குண்டு உடம்புல பாத்தப்போ, சரி, இது நிஜமாவே நோய்தான், நாமதான் தப்பா நினைச்சிட்டோம்னு நினைச்சேன். நீங்களா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

பிறகு பாட்டிலையும் மூடியையும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு, பஞ்சுவையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து மூன்று பேருமாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். என்மேல் அவளுக்குக் கோபம் இருந்தால் தனியாகவே வந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

என் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பஞ்சுவின் உடம்பில் பதினான்கு வளையங்களையும் குண்டுவின் உடம்பில் ஒரு வளையத்தையும் வைத்தது நான். என்ன ஆகும் என்று தெரிந்தே வைத்தேன். பத்தொன்பது நாய்களும் அதனால்தான் செத்தன. இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் மோசடி என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள். அவள் முதல் நாளே தெரிந்துதான் என்னோடு பேசியிருக்கிறாள் சார். அப்படியென்றால் நான் யாரையும் ஏமாற்றவில்லை.